தியான இசையும் ஆறாதாரங்களும்



யோகாசன வகுப்புகளிலும், இயற்கை மருத்துவ விடுதிகளிலும், தலைமாட்டில் கைப்பேசியை வைத்துக்கொண்டு உறக்கத்துக்காகக் காத்திருக்கிறவர்களுடைய படுக்கையறைகளிலும் இப்போது ஒருவகை இசை இடைவிடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதிலே பல்லவி இல்லை, தாளம் இல்லை, பாடுகிறவர் இன்னாரென்று சொல்லுவதற்கும் இல்லை. மின்விசைக் கருவியொன்றிலிருந்து எழும் நெடிய கார்வை மெல்லப் பெருகி மெல்லத் தேய, அதன்மேல் எப்போதாவது ஒரு புல்லாங்குழலின் மூச்சும், வெண்கலக் கிண்ணமொன்றின் ரீங்காரமும், ஓடும் நீரின் சலசலப்பும் வந்து போகும். மூன்று மணி நேரம், எட்டு மணி நேரம் என்று நீளும் அந்த ஒலிப்பதிவுகளின் தலைப்பிலே மூலாதாரம், அநாகதம், ஆஞ்ஞை என்று நம் யோக நூல்களின் பரிபாஷை காணப்படும். பக்கத்திலே 396, 528 என்று ஏதாவதோர் எண் இருக்கும். கேட்டவருக்குச் சக்கரம் திறக்கும், பயம் நீங்கும், நோய் தீரும் என்ற உறுதிமொழியும் தவறாமல் இருக்கும்.

இதைப் பற்றி விசாரிக்கிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை ஒன்றாகச் சேர்த்தே கேட்கிறார்கள்: இது நம் பழைய சாஸ்திரத்தில் உள்ளதுதானா, இதனால் நன்மை உண்டா என்று. முதற் கேள்விக்குப் பெரும்பாலும் இல்லை என்பதும், இரண்டாவதற்கு ஓர் எல்லைக்குள் உண்டு என்பதுமே என் விடை. முதலாவதற்கு யோசனையின்றி ஆம் என்று தலையசைத்துவிட்டால் இரண்டாவதற்குரிய எல்லை மறைந்துபோகிறது. இன்றைய தொல்லை முழுவதும் அங்கேதான் பிறக்கிறது.

இந்த இசையின் ஜாதகத்தைப் பார்ப்போமானால் பாரிஸ் நகரத்திலே தொடங்க வேண்டியிருக்கிறது. எரிக் சாட்டி என்ற பிரெஞ்சு இசையாசிரியர், மேஜை நாற்காலிகள் அறையிலே இருப்பது போல இசையும் இருந்துவிட்டுப் போகட்டும், யாரும் அதை உற்றுக் கேட்க வேண்டா என்னும் கருத்துடன் சில துணுக்குகளை இயற்றி, 1920-ஆம் ஆண்டு ஒரு சித்திரசாலையில், நாடகத்தின் இடைவேளையின்போது வாசிக்கச் செய்தார். ரசிகர்களோ, வாத்தியம் ஒலித்த மாத்திரத்தில் வாயை மூடிக்கொண்டு பக்தியோடு கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சாட்டி அங்குமிங்கும் ஓடி, பேசுங்கள், நடமாடுங்கள், கேட்காதீர்கள் என்று மன்றாடினாராம். கச்சேரி நடக்கும்போது பேசாதிருக்கும்படி வித்துவான்கள் கெஞ்சுகிற நம் ஊர்ச் சபைகளுக்கு அவரை ஒருமுறை அழைத்திருந்தால் அவருடைய மனக்குறை தீர்ந்திருக்கும்.

அரை நூற்றாண்டுக்குப் பிறகு லண்டனில் பிரையன் ஈனோ என்பவர் அந்தக் கருத்தை மறுபடியும் கையில் எடுத்தார். 1975-இல் மோட்டார் வண்டி மோதிக் காயமுற்றுப் படுக்கையில் கிடந்த அவருக்கு, பார்க்க வந்த தோழி ஒருத்தி பழைய யாழிசைத் தட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றாள். வருத்தப்பட்டு எழுந்து தட்டைச் சுழலவிட்டுப் படுத்த பிறகுதான், ஒலி மிகக் குறைவாக இருப்பதையும், ஒலிபெருக்கிகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதையும் அவர் கண்டார். மீண்டும் எழுந்து திருத்துவதற்குச் சக்தியில்லை. மழையோசையோடு கலந்து, கேட்டும் கேளாமலும் வந்த அந்த நாதத்திலிருந்தே புதியதோர் இசைவகை அவர் மனத்தில் உதித்தது. 1978-இல் விமான நிலையங்களுக்கென்று அவர் அமைத்த இசை, கவனித்தாலும் சுவை தரும், கவனியாமல் விட்டாலும் குறைவில்லை என்ற நோக்கத்துடன் செய்யப்பட்டது. 'ஆம்பியண்ட்' என்ற பெயரை அவரே அதற்குச் சூட்டினார். நாம் சூழலிசை என்று சொல்லிக்கொள்ளலாம். ஈனோ எந்தச் சக்கரத்தையும் திறப்பதாகச் சொல்லவில்லை என்பதை அவருக்கு நியாயம் செய்யும் பொருட்டுச் சொல்லிவிட வேண்டும்.

இசைக்கும் தியானத்துக்கும் முடிச்சுப் போட்டவர்கள் வேறு சிலர். அவர்களில் முதல்வர்கள் அமெரிக்க ஜாஸ் வித்துவான்கள். டோனி ஸ்காட் என்ற கிளாரினெட் வித்துவான் 1964-இல் ஜப்பானில் கோட்டோ, ஷாகுஹாச்சி ஆகிய அந்நாட்டு வாத்தியங்களுடன் அமர்ந்து, ஜென் தியானத்துக்கான இசை என்ற தட்டைப் பதிவு செய்தார். ரிஷிகேசத்தில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் பயின்ற பால் ஹார்ன் என்ற குழல் வித்துவான், 1968-இல் ஓர் இரவு தாஜ்மகாலுக்குள்ளே நின்று வாசித்தார். அங்கே ஊதிய ஸ்வரம் கும்மட்டத்தைச் சுற்றிச் சுற்றிப் பல விநாடிகள் கழித்தே அடங்குகிறதாகையால், அவர் ஒன்றை ஊதிவிட்டுக் காத்திருந்து, அது தேயும்போது அதனோடு இணங்கும் மற்றொன்றை ஊதினார். காவலாளி ஒருவருடைய குரலும் அந்தப் பதிவிலே இருக்கிறது. நான் இந்த வகையில் கேட்டவற்றுள் இன்றும் மனமாரச் சிபாரிசு செய்யக்கூடிய சிலவற்றில் அது ஒன்று. வாசிக்கிறவர் அங்கே ஒரு கட்டடத்தின் மூச்சுக்குத் தம் மூச்சை அடக்கி வைக்கிறார். அந்தப் பணிவு காதுக்குத் தெரிகிறது.

சக்கரத்துக்கு ஒரு ஸ்வரம் என்னும் ஏற்பாடு பிரபலமானது 1975-இல். கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டீவன் ஹால்பெர்ன் என்பவர் மின்சாரப் பியானோவில் வாசித்து வெளியிட்ட ஒரு தட்டில் ஏழு பகுதிகள். மேல்நாட்டு ஸ்வரங்களாகிய ஸி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி என்பவற்றுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பகுதிக்கு ஆதாரம். ஸி என்பது மூலாதாரத்துக்கும் செந்நிறத்துக்கும் உரியது, பி என்பது உச்சந்தலைக்கும் ஊதா நிறத்துக்கும் உரியது, மற்றவை வானவில்லின் வரிசையிலே இடையில் நிற்பவை. இன்று நாம் கேட்கும் எண்ணற்ற பதிவுகள் பெரும்பாலும் இந்த அட்டவணையின் சந்ததிகளே.

சங்கீத ஞானம் சிறிதளவு உள்ளவருக்கும் இந்த அட்டவணையிலே ஓர் இடறல் உடனே புலப்படும். மேல்நாட்டு ஸி என்பது ஹார்மோனியத்தில் நம்மவர் ஒரு கட்டை என்று சொல்லும் சுருதி. அது அசையாத இடம். நமது ஷட்ஜமமோ பாடுகிறவருடைய சாரீரத்தைப் பொறுத்து இடம் மாறுவது. ஆண் வித்துவான் ஒருவர் ஒரு கட்டையில் ஷட்ஜமத்தை நிறுத்துவார். பெண் வித்துவாம்சினி ஒருவர் ஐந்து கட்டையில், அதாவது அட்டவணைப்படி ஜி என்னும் இடத்திலே நிறுத்துவார். ஸி மூலாதாரத்தையும் ஜி கண்டத்திலுள்ள விசுத்தியையும் அசைப்பது உண்மையானால், இருவரும் ஒரே கீர்த்தனத்தைப் பாடும்போது ஆணுக்கு மூலாதாரமும் பெண்ணுக்கு விசுத்தியும் திறக்க வேண்டும். பாட்டு ஒன்று, ராகம் ஒன்று, பலன் மட்டும் பால்தோறும் வெவ்வேறு! நம் சாஸ்திரகாரர்கள் அசையாத சுருதிக்கு ஒரு சக்தியைக் கற்பிக்கவே இல்லை. அவர்களுக்கு எல்லாமே ஷட்ஜமத்தோடு மற்ற ஸ்வரம் கொள்ளும் உறவிலேதான் இருந்தது.

நிறங்களின் கதையும் இப்படியே. சக்கரங்கள் என்னும் ஆறு ஆதாரங்களை விரித்துரைக்கும் நூல்களுள் இன்று உலகப் பிரசித்தி பெற்றது, வங்காளத்துப் பூர்ணானந்தர் 1577-இல் இயற்றிய கிரந்தத்தின் ஒரு பகுதியாகிய ஷட்சக்ர நிரூபணம். அதைக் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சர் ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரோடு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1919-இல் வெளியிட்டார். மூலாதாரத்தில் நான்கு இதழ், சுவாதிட்டானத்தில் ஆறு, மணிபூரகத்தில் பத்து, அநாகதத்தில் பன்னிரண்டு, விசுத்தியில் பதினாறு, ஆஞ்ஞையில் இரண்டு ஆக ஐம்பது இதழ்களையும் அது சொல்லி, வடமொழி நெடுங்கணக்கின் ஐம்பது எழுத்துக்களையும் அவற்றில் ஒவ்வொன்றாக நிறுத்துகிறது. அந்நூலின் நிறங்கள் வானவில்லுக்கு ஒத்து வருவதில்லை. மூலாதாரத்தின் இதழ்கள் சிவப்பு, நடுவிலுள்ள பிருதிவியின் சதுரம் மஞ்சள். மணிபூரகத்தின் இதழ்கள் கார்மேக நிறம், நடுவில் அக்கினியின் முக்கோணம் சிவப்பு. அநாகதத்தின் இதழ்களும் சிவப்பே, நடுவில் புகைநிறம். இப்போது இருதயத்துக்கென்று எங்கும் பூசப்படும் பச்சை அங்கே இல்லை.

இந்த மாற்றங்களில் ஒரு பங்கு நம் சென்னைக்கும் உண்டு. அடையாற்றிலே பிரம்மஞான சங்கத்தாருடைய பதிப்பகம் 1927-இல் வெளியிட்ட, லெட்பீட்டர் எழுதிய சக்கரங்கள் என்னும் நூல், சுவாதிட்டானத்தை விலக்கிவிட்டு அதன் இடத்திலே மண்ணீரலில் ஒரு சக்கரத்தை வைத்தது. இரண்டே இதழ்களுடைய ஆஞ்ஞைக்குத் தொண்ணூற்றாறு ஆரங்களைக் கணக்கிட்டது. ஞானதிருஷ்டியால் கண்டவற்றை அவர் எழுதியதாகச் சொல்லுகிறார். கண்டதைக் கண்டதாகச் சொல்லும் உரிமை யாருக்கும் உண்டு. அடையாற்றில் அச்சாகிக் கப்பலேறிப் போன சக்கரங்கள் கலிபோர்னியாவில் வானவில் வர்ணம் பூசிக்கொண்டு, கைப்பேசி வழியாகத் திரும்பி வரும்போது, இவை ரிஷிகளுடைய சொத்து என்று நாமே நம்பிவிடுவதுதான் வேடிக்கை.

தமிழ்நாட்டுக்குச் சொந்தமான ஆதார விசாரம் வேறு வழியிலே நடந்தது. திருமூலர் மூன்றாந் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விரிக்கிறார். விநாயகர் அகவலை நித்திய பாராயணமாகக் கொண்ட நம் வீடுகளில், மூலாதாரம், குண்டலினி என்ற சொற்களைக் குழந்தைகளும் பொருளறியாமலே சொல்லிப் பழகுகிறார்கள். சைவர்கள் ஆதாரங்களைச் சரீரத்தோடு நிறுத்தாமல் நிலத்திலும் நாட்டிக்கொண்டார்கள்: மூலாதாரம் திருவாரூர், சுவாதிட்டானம் திருவானைக்கா, மணிபூரகம் திருவண்ணாமலை, அநாகதம் சிதம்பரம், விசுத்தி திருக்காளத்தி, ஆஞ்ஞை காசி. மூலாதாரத்தை அடைய ரயிலேறித் திருவாரூருக்குப் போய்க் கமலாலயத்தில் முழுகி எழுந்தவர்களுக்கு, எட்டு மணி நேரப் பதிவு ஒன்றின் துணை தேவைப்பட்டதில்லை.

சங்கீதமும் சக்கரமும் ஒன்றையொன்று நம் நாட்டு நூல்களில் சந்திக்கவே இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். சந்தித்திருக்கின்றன, அந்தச் சந்திப்பு மிகவும் ரசமானது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரியை ஆண்ட யாதவ அரசன் சிங்கணனுடைய ஆதரவில் இருந்த சார்ங்கதேவர், தம்முடைய சங்கீத ரத்னாகரத்தின் தொடக்கத்திலே, சரீரம் உண்டாகும் முறையைச் சொல்லி, அதனுள் இருக்கும் சக்கரங்களையும் சொல்லுகிறார். அவர் எண்ணுகிறவை பத்து. அநாகதம் விசுத்தி முதலியவற்றில் இன்ன இதழ்களில் ஜீவன் நிலைகொண்டால் கீதம் சித்திக்கும், இன்னவற்றில் நிலைகொண்டால் கீதம் கெடும் என்றுகூட அவர் பிரித்துக் காட்டுகிறார். அக்கினியும் பிராணனும் கூடி எழுப்பும் நாதம் நாபி, இருதயம், கண்டம், சிரசு, வாய் என்னும் ஐந்து இடங்களிலே படிப்படியாக வெளிப்படுவதையும், மந்தரம், மத்தியமம், தாரம் என்னும் மூன்று ஸ்தாயிகளுக்கு முறையே இருதயமும் கண்டமும் சிரசும் இடமாவதையும் கூறுகிறார். பாடிப் பார்த்தவர் எழுதியது என்பது வரிதோறும் தெரிகிறது. ஏனெனில் கீழ் ஸ்தாயியில் மார்பும், மேல் ஸ்தாயியில் தலையும் அதிர்வதைப் பாடகர் ஒவ்வொருவரும் அநுபவத்தில் அறிவார்.

இவ்வளவும் சொன்ன பிறகு சார்ங்கதேவர் ஒரு விஷயத்தைத் தயக்கமின்றி நிர்ணயம் செய்கிறார். அடிக்காமலே உள்ளே எழும் அநாஹத நாதத்தை முனிவர்கள் குருவின் வழியே உபாசிக்கிறார்கள். அது முக்தி தரும். ஆனால் மனிதருக்கு அது ரஞ்சகமானதன்று. ஆகையால், அடித்தும் மீட்டியும் ஊதியும் எழுப்பப்பட்டுக் காதுக்கு இன்பம் தரும் ஆஹத நாதத்தையே நான் விளக்கப் போகிறேன் என்று அவர் தம் வழியே போய்விடுகிறார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுக்கப்பட்ட இந்த எல்லைக்கோடு, இன்றைய சக்கர இசைக்காரர்கள் அழித்துவிட்ட கோடு. காதுக்கு இனிய ஒன்றை விற்கிறார்கள். உள்ளே கேட்க வேண்டியதன் பலனை அதற்குச் சீட்டாக ஒட்டுகிறார்கள்.

உள்ளே கேட்பது என்றால் என்ன என்பதை 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவாத்மாராமர் ஹடயோகப் பிரதீபிகையின் நான்காம் உபதேசத்திலே விவரிக்கிறார். சாதகன் செவிகளைக் கைவிரலால் அடைத்துக்கொண்டு உட்கார வேண்டும். முதலில் சமுத்திரமும் மேகமும் பேரிகையும் முழங்குவது போன்ற பெரிய ஒலிகள் கேட்கும். பிறகு மத்தளம், சங்கு, மணி. முடிவில் கிண்கிணி, குழல், வீணை, வண்டு என்னும் மெல்லிய ஒலிகள். பெரியதிலிருந்து சிறியதற்கும், அதிலிருந்து இன்னும் நுண்ணியதற்கும் மனம் செல்லச் செல்ல, ஒலியோடு மனமும் ஒடுங்கும். கடலோசை, மணியோசை, குழலோசை என்று இன்றைய ஒலிப்பதிவுகளிலே வருகிறவை அப்படியே இந்தப் பட்டியலில் இருப்பதைக் காண்கிறீர்கள். காதை அடைத்தால் கேட்க வேண்டியவற்றைக் காதுக்குள் கருவியைச் செருகிக் கேட்கும் காலம் இது.

எண்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. ஆனால் அதிக நேரம் செலவிடும் தகுதி அவற்றுக்கு இல்லை. 396, 417, 528, 639, 741, 852 என்னும் ஆறு எண்களை, ஜோசஃப் புலியோ என்ற அமெரிக்கர் விவிலியத்தின் எண்ணாகமம் ஏழாம் அதிகாரத்து வசன எண்களிலிருந்து எண்சோதிட முறையிலே எடுத்தார். லியோனார்ட் ஹாரோவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதிய புத்தகத்தின் மூலம் அவை 1999-இல் பரவின. மத்தியகாலத்துத் துறவிகள் தேவாலயத்தில் பாடிய சுருதிகள் இவை என்று சொல்லப்படுகிறது. விநாடிக்கு இத்தனை அதிர்வு என்று ஒரு ஸ்வரத்தை அளக்கும் வித்தையே 17-ஆம் நூற்றாண்டில் மெர்சேன் என்ற பிரெஞ்சுப் பாதிரியாரால்தான் தொடங்கிற்று. அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னே பாடியவர்களுக்கு 528 என்ற எண் எப்படித் தெரிந்திருக்கும்? விநாடி என்பதே மனிதர் வகுத்துக்கொண்ட அளவு. அதை நாழிகைக் கணக்குக்கு மாற்றினால் இந்த எண்கள் எல்லாம் வேறாகிவிடும்.

இன்னோர் எண் 136.10. ஹான்ஸ் கூஸ்டோ என்ற ஸ்விட்சர்லாந்து நாட்டவர் 1978-இல் கண்டது. சூரியனைப் பூமி ஒருமுறை சுற்றிவர ஆகும் காலத்தை விநாடிகளாக்கி, ஓர் ஆண்டுக்கு ஒன்றாகிய அந்த அதிர்வை 32 தடவை இரட்டித்தால் இந்த எண் வரும். கணக்கு சரியானது; நானும் போட்டுப் பார்த்தேன். அது ஓங்காரத்தின் சுருதி, இருதயச் சக்கரத்துக்கு உரியது என்பது மட்டும் கணக்கிலிருந்து வருவதன்று, ஆசையிலிருந்து வருவது. ஆண் குரலின் ஒன்றரைக் கட்டைக்கு மிக அருகிலே நிற்கும் அந்தச் சுருதி பாடுவதற்குச் சௌகரியமானது என்பதை வேண்டுமானால் ஒப்புக்கொள்ளலாம்.

குறைகளையே அடுக்கிக்கொண்டு போனால் இந்த இசையின் உண்மையான பெருமை ஒன்று மறைந்துவிடும். இதன் உயிர் அந்த நெடிய கார்வையிலே இருக்கிறது. அந்தக் கார்வை நம்முடைய தம்புராவிலிருந்து போனது. இந்த உரிமையை நாம் வெட்கமின்றிக் கொண்டாடலாம். லா மாண்ட் யங் என்ற அமெரிக்க இளைஞர், அலி அக்பர் கான் 1955-இல் வெளியிட்ட சரோத் இசைத்தட்டைக் கேட்டு, முன்னால் வாசிக்கிறவரை விடப் பின்னால் இருக்கும் தம்புராவிலே மனத்தைப் பறிகொடுத்தார். பிறகு அவர் அமைத்த இசையிலே ஒரே நாதம் மணிக்கணக்கில் நிற்கும். 1970-இல் கிரானா பரம்பரையைச் சேர்ந்த பண்டித பிராணநாத் நியூயார்க்குக்குச் சென்றபோது, யங்கும் அவருடைய நண்பர் டெர்ரி ரைலியும் குருகுல முறையில் அவருக்குச் சிஷ்யர்களானார்கள். மேல்நாட்டில் நெடுங்கார்வை இசை என்று வளர்ந்த கிளைக்கெல்லாம் இந்த இருவரும் மூத்தவர்கள்.

தம்புராவிலே அப்படி என்ன இருக்கிறது என்பதைத் திருச்சிராப்பள்ளியிலே பிறந்த ஸர் சி. வி. ராமன் 1921-இல் எழுதிய ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடம் அசையாமல் நிற்க வேண்டிய உபஸ்வரங்கள், அந்த மீட்டில் பிறக்கக் கூடாது என்பது யங் (மேலே சொன்ன இசைக்காரர் அல்லர்), ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் மேல்நாட்டு விஞ்ஞானிகளின் விதி. தம்புராவின் அகன்று வளைந்த குதிரையும், அதன்மேல் தந்திக்கு அடியிலே நாம் செருகும் ஜீவாளி நூலும் அந்த விதியை மீறிவிடுகின்றன. பிறக்கக் கூடாத உபஸ்வரங்களும் பலமாகப் பிறந்து, தந்தி ஓய்கிற வரையில் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து வருகின்றன. நன்றாகச் சுருதி சேர்ந்த தஞ்சாவூர்த் தம்புராவில் பஞ்சமமும் ஸாரணியும் மந்தரமும் மீட்டும்போது, மீட்டப்படாத காந்தாரம் தானே ஒலிக்கிறதல்லவா, அதன் ரகசியம் இதுதான். மின்விசைக் கருவியின் கார்வை எவ்வளவு நீண்டாலும் சற்றுநேரத்தில் காது சலித்துப்போவதும், தம்புராவின் நாதம் நாழிகை கடந்தாலும் சலிக்காததும் இதனாலே என்பது என் அபிப்பிராயம். கார்வையை எடுத்துச் சென்றவர்கள் பலர் ஜீவாளியை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஜீவனோடு எடுத்துச் சென்றவர் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்து, பத்தமடை தந்த சுவாமி சிவானந்தரிடம் சந்நியாசம் பெற்ற சுவாமி சச்சிதானந்தர் 1966-இல் நியூயார்க்குக்குப் போனார். 1969-இல் வுட்ஸ்டாக் என்ற இடத்தில் லட்சக்கணக்கான இளைஞர்கள் கூடிய இசைவிழாவின் தொடக்கத்திலே மேடையேறி, அத்தனை பேரையும் நாமம் சொல்லச் செய்தவர் அவரே. கணவர் ஜான் கோல்ட்ரேனை 1967-இல் இழந்து நிலைகுலைந்திருந்த ஆலிஸ் கோல்ட்ரேன் என்ற யாழ், பியானோ வித்துவாம்சினி அவரைச் சரணடைந்தார். 1971-இல் வெளிவந்த தம் இசைத்தட்டுக்குக் குருவின் பெயரையே இட்டார். அதிலே தம்புரா இடைவிடாது ஒலிக்க, யாழின் அலைகள் அதன்மேல் புரண்டு வருகின்றன. செட்டிபாளையத்துப் பெயரொன்று ஜாஸ் உலகத்தின் சிகரங்களில் ஒன்றாக நின்றுவிட்டது.

அதைவிட முக்கியமானது பிற்பாடு ஆலிஸ் செய்தது. துரியசங்கீதானந்தா என்ற பெயருடன் கலிபோர்னியாவில் 1983-இல் ஆசிரமம் ஒன்று நிறுவி, ஞாயிறுதோறும் அன்பர்களைக் கூட்டி, ஆர்கன் வாத்தியத்தைத் தாமே வாசித்துப் பஜனை நடத்தினார். வடமொழி நாமாவளிகளை, கறுப்பின மக்களுடைய தேவாலயங்களிலே அவர் சிறுவயதில் கற்ற எழுச்சியோடு அங்கிருந்தவர்கள் கைதட்டிப் பாடினார்கள். அந்தப் பஜனைகளின் நாடாக்கள் ஆசிரமத்தாருக்குள்ளேயே பெரும்பாலும் வழங்கிவந்தன. யாருடைய சக்கரத்தையும் திறப்பதாக அவை விளம்பரம் செய்துகொள்ளவில்லை. கேட்கிறவன் படுத்திருக்க, இசை அவனுக்காக வேலை செய்யும் என்ற ஏற்பாடும் அங்கே இல்லை. தாந்திரிக நூல்கள் ஒவ்வொரு சக்கரத்துக்கும் சொல்லும் லம், வம், ரம், யம், ஹம் என்ற பீஜங்களும் சாதகன் தானே உச்சரிக்க வேண்டியவை. ஒரு பெட்டி உச்சரித்து அவன் செவியில் போட வேண்டியவை அல்ல. இந்த வகையிலே பார்த்தால், ஆர்ப்பாட்டமாகத் தோன்றும் ஆலிஸ் கோல்ட்ரேனுடைய பஜனை, அமைதியாகத் தோன்றும் ஆயிரம் சக்கர இசைகளைவிடச் சம்பிரதாயத்துக்கு நெருங்கியது என்பேன்.

தானே வாய்விட்டுச் சொல்லுவதன் பயனுக்குச் சரீர சாஸ்திரமும் ஓரளவு சாட்சி சொல்லுகிறது. இத்தாலியில் பெர்னார்தி என்னும் வைத்தியரும் அவருடைய தோழர்களும் 2001-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 23 பேரைக் கத்தோலிக்க ஜபமாலையையும், ஓம் மணி பத்மே எனத் தொடங்கும் பௌத்த மந்திரத்தையும் வாய்விட்டு ஜபிக்கச் செய்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது; இருதயத்தின் நடையும் ரத்தவோட்டமும் அந்த மூச்சோடு ஒத்திசைந்தன. 2006-இல் அவர்களே 24 பேரைப் பலவகை இசையைக் கேட்கச் செய்து பார்த்தார்கள். சிதாரில் வாசித்த ராகமும் அவற்றில் ஒன்று. வேகமான இசை மூச்சையும் நாடியையும் விரைவுபடுத்தியது. மெதுவான இசை அமைதிக்கு இடங்கொடுத்தது. ஆனால் இசைகளுக்கு நடுவிலே விட்ட இரண்டு நிமிஷ மௌனத்தின்போது நாடியும் ரத்த அழுத்தமும், இசை தொடங்குவதற்கு முன் இருந்த அளவினும் தாழ்ந்தன. சிறிய ஆராய்ச்சிதான், இதைக்கொண்டு பெரிய மாளிகை கட்டிவிடக் கூடாது. ஆயினும் இசைக்குப் பின் வரும் மௌனத்திலே சரீரம் நன்கு இளைப்பாறுகிறது என்ற செய்தி, சாதகர்கள் அநுபவத்தில் சொல்லிவந்ததற்கு மாறானதன்று.

இரண்டு காதுகளிலும் சற்றே மாறுபட்ட இரண்டு ஸ்வரங்களைச் செலுத்தி, அவற்றின் வித்தியாசமாகிய துடிப்பை மூளையிலே எழுப்பும் முறையையும் பலர் கேட்டிருப்பீர்கள். ஜெர்மானிய விஞ்ஞானி டோவே 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்ட அந்தத் துடிப்பு உண்மை. அதனால் மனம் இன்ன நிலைக்குச் சென்றுவிடும் என்பதில் ஆராய்ச்சிகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. வீதியின் இரைச்சலும் அண்டை வீட்டுத் தொலைக்காட்சியும் புகாதபடி காதுக்கு ஒரு திரையாக இந்த இசையைப் பயன்படுத்துவதில் குற்றம் ஒன்றுமில்லை; உறக்கம் வராத முதியவருக்கும், பிரயாணக் களைப்புள்ளவருக்கும், தனியே உட்கார்ந்து பழகாத இளைஞருக்கும் அது உபகாரியே. அதைக் கேட்டுக்கொண்டிருப்பதையே சாதனை என்று எண்ணுவது பிசகு. ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மனச்சோர்வுக்கும் மருந்து உட்கொள்ளுகிறவர்கள், ஒரு தலைப்பிலுள்ள எண்ணை நம்பி மாத்திரையை நிறுத்துவது பிசகினும் பெரிய ஆபத்து. அப்படி எவரேனும் சொன்னால், அவர் காவியே உடுத்திருந்தாலும், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

யோகம் கற்பிக்கும் ஆசிரியர்கள் இந்தச் சபையிலே சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு விண்ணப்பம். வகுப்பின் தொடக்கத்தில் மாணவர்களைத் தங்கள் தங்கள் சுருதியிலே பிரணவத்தைச் சில முறை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். ஆசனங்களின்போது வேண்டுமானால் தம்புரா நாதம், அடுத்த அறைக்குக் கேளாத அளவிலே, இருக்கட்டும். சவாசனத்துக்கு வந்ததும் அதையும் நிறுத்திவிடுங்கள். முதல் சில நாட்களுக்கு மாணவர்கள் முணுமுணுப்பார்கள், பொருட்படுத்த வேண்டா.